சீட்டுக்கு அடியில் ஒரு பொத்தான்

அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு உண்டு. பேச்சுக்குச் சொல்லவில்லை. மூடியில் ஓட்டை போட்டு, கம்பி வளையம் மாட்டி, அதில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. ஃபிரிட்ஜுக்கு ஒன்று, மொட்டைமாடிக் கதவுக்கு இரண்டு, பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கும் அலமாரிக்கு ஒன்று. பழைய பேப்பரை எவன் திருடப் போகிறான் என்று கேட்கக்கூடாது. சாவிக்கொத்து எப்போதும் மாமனாரின் இடுப்பில் தொங்கும். பெரிய தொழிற்சாலை ஒன்றில் காலமெல்லாம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு ஆணி வெளியே போவதென்றாலும் அவர் எழுந்து வந்து திறந்துவிட வேண்டும். தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது, அவர் பூட்டை விடவில்லை. தெருவில் அவருக்குப் பூட்டுக்காரர் என்றுதான் பெயர்.

அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து மாட்டிக்கொண்டவன்தான் நம் ஆள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி ஃபிரேமை வளைத்து, துடைத்து, மாட்டிவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிற வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவன். ஒரே பெண், அம்மா இல்லாதவள், அப்பாவைத் தனியாக விட முடியாது என்று பெண் பார்க்கும்போதே சொன்னார்கள். இவனும் பெரிய மனசு பண்ணித் தலையை ஆட்டிவிட்டான். ஒரு தரம் தலையை ஆட்டுவது சுலபம். அப்புறம் அதே தலையைத் தினமும் அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்க் குனிய வேண்டுமே, அது யாருக்குத் தெரிகிறது?

கல்யாணமான புதிதில் மாமனாரின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவர் நேராகப் போய் இவனுடைய பையை எடுத்துக் கூடத்தில் கவிழ்த்தார். சட்டை, பனியன், உள்ளாடை, சீப்பு எல்லாம் தரையில் உருண்டன. கடிகாரம் இல்லை. ஒரு வாரம் கழித்து அவருடைய கோட்டுப் பையிலேயே இருந்தது. "கிடைச்சிருச்சு," என்றார். அவ்வளவுதான். மன்னிப்பா? அந்த வார்த்தையை அவர் எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டினாரோ, சாவி தொலைந்தே போயிருக்க வேண்டும். அதற்கப்புறமும் வீட்டில் ஒரு பொருள் கண்ணில் படவில்லையென்றால் அவர் பார்வை முதலில் இவன் பக்கம்தான் திரும்பும். அன்றைக்கு உள்ளாடையைப் பொறுக்கி எடுத்த கை இவனுக்கு இன்னும் கூசுகிறது.

கார் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்றதும் மாமனார் ஒரு கார் வாங்கினார். கார் கம்பெனிக்காரன் கொடுத்த பூட்டில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியூரிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனியாகத் திருட்டுத் தடுப்பு வைத்துக்கொண்டார். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். சாவியில் ஒரு ரிமோட், அதில் பூட்டியபின் எந்தக் கதவு திறந்தாலும் ஹாரன் அலறும். இதெல்லாம் ஊரில் எல்லோரிடமும் இருப்பதுதான். இவர் வைத்தது இன்னொன்று. காருக்குள் எங்கேயோ மறைவாக ஒரு பொத்தான். அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்பினால்தான் எஞ்சின் பிடிக்கும். அழுத்தாமல் திருப்பினால் எஞ்சின் இருமும், பிடிக்காது. மூன்று தரம் அப்படித் திருப்பினால் ஹாரன் தெருவே கேட்கும்படி ஊளையிடும். பொத்தானை வைத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அப்புறம் ஏதோ நோயில் செத்துப்போனான். அதற்கும் மாமனாருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் செய்தி வந்த அன்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததே, அதை மாப்பிள்ளை பார்த்தான்.

காரில் ஏறியதும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

பெற்ற பெண்ணும் திரும்ப வேண்டும். உடை மாற்றுகிறவரைப் பார்க்காமல் இருப்பதுபோல எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். "மாப்பிள்ளை சார் இன்னும் கொஞ்சம் நல்லாத் திரும்பினா தேவலை," என்று தனியாக ஒரு குத்து வேறு. இவன் கழுத்து வலிக்கத் திரும்புவான். எஞ்சின் உறுமியதும், "ம், போதும்," என்பார்.

ஆனால் மனிதர் ஒரு நாள் சறுக்கினார். புதுக் கண்ணாடி வாங்க இவன் வேலை செய்யும் கடைக்கே வந்தார். வாங்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார், கதவை இன்னும் சாத்தவில்லை. அக்கம் பக்கம் பார்த்தார், ஒருவரும் இல்லை. கடை வாசலில், வருகிறவர்கள் முகம் பார்த்துக்கொள்ள ஆள் உயரக் கண்ணாடி ஒன்று சாய்த்து வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. உள்ளே ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அதில் எல்லாம் தெரிந்தது. அவர் இடது கை டிரைவர் சீட்டுக்கு அடியில், கைபிரேக் பக்கமாக, தரைவிரிப்புக்குள் போயிற்று. வலது கை சாவியைத் திருப்பியது. அட, இவ்வளவுதானா!

அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் துடைப்பது அவன் வேலை. துடைக்க மட்டும் சாவி கிடைக்கும். மாமனார் குளிக்கப் போகிற சமயம் பார்த்து உள்ளே உட்காருவான். இடது கை கீழே போகும், வலது கை திருப்பும், எஞ்சின் பிடிக்கும். ஒரு நிமிடம் அந்த அதிர்வைத் தொடையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்புறம் அணைத்துவிடுவான். ஒரு முழம்கூட நகர்த்தியதில்லை. மாமனாரின் குளியலறையும் மனைவி நிற்கும் சமையலறையும் பின்கட்டில் இருந்ததால் இருவர் காதிலும் விழவில்லை. வருடக்கணக்காக ஞாயிறு தவறாமல் இது நடந்தது. அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் இதுதான்.

ஒரு நாள் காலை, செய்தித்தாளைப் பிரித்த மாமனார் அப்படியே வலது பக்கமாகச் சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கை துணி மாதிரித் தொங்கியது. பேச முயன்றார், குழறல்தான் வந்தது. ஆம்புலன்ஸுக்குக் கேட்டால், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, அரை மணியாவது ஆகும் என்றார்கள். பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஆஸ்பத்திரி.

"நம்ம காரிலேயே போயிடலாங்க!" என்று மனைவி கத்தினாள். அவள் காலைப் பிடிக்க, இவன் தோளைத் தூக்க, பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அவள் அப்பாவின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த கொத்தில் கார் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். இடது கை தானாகக் கீழே இறங்கியது.

பாதியில் நின்றது.

மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் மாமனாரின் கண்கள் தெரிந்தன. உடம்பில் பாதி போய்விட்டது, கண் மட்டும் போகவில்லை. மகளையா பார்த்தார்? இல்லை. இவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் காணாமல் போன அன்று பார்த்த அதே பார்வை. உயிர் போகிற நேரத்திலும் இவன் கை எங்கே போகிறது என்றுதான் மனிதருக்குக் கவலை!

முதலில் இவனுக்குப் பயம்தான் வந்தது. சத்தியமாகப் பயம்தான். இதை அழுத்தினால், இத்தனை வருடம் நான் சொன்னது சரிதானே, இவன் திருடன்தானே என்று அந்தக் கண் சொல்லிவிடும். கையை மேலே எடுத்துக்கொண்டான். சாவியை மட்டும் திருப்பினான். எஞ்சின் இருமியது. அப்போதுதான் பயத்துக்குப் பின்னாலிருந்து வேறு ஒன்று எட்டிப் பார்த்தது. அது இனித்தது. அதை என்னவென்று சொல்ல!

"என்னங்க, ஏன் ஸ்டார்ட் ஆகல?"

"தெரியல. அந்தத் திருட்டு அலாரம்தான்."

"அப்பா எதையோ அழுத்துவாரே!"

"எதைன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? என்னையும்தானே திரும்பச் சொல்லுவாரு!" அவள் அழ ஆரம்பித்தாள். இவன் மறுபடி திருப்பினான். மறுபடியும். மூன்றாம் தரம் ஹாரன் ஊளையிட்டது.

அவள் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் வருஷாவருஷம் ஆயில் மாற்றுகிறவர், நல்ல மனிதர். ஹாரனுக்கு மேல் கத்தினார்.

"முதல்ல டிரைவர் கதவை வெளியே நின்னு சாவியால ரெண்டு தடவை பூட்டித் திறங்க சார்!"

இறங்கினான். பூட்டினான், திறந்தான். பூட்டினான், திறந்தான். நிதானமாக, ஃபிரேமுக்குத் திருகாணி போடுகிற நிதானத்தில் செய்தான். பலனில்லை.

"பேட்டரி ஒயரைக் கழட்டி, கொஞ்சம் விட்டு மாட்டுங்க!"

ஸ்பானர் கொண்டுவர உள்ளே போனான். கருவிப் பெட்டியும் பூட்டியிருந்தது. அவளிடம் வந்து கொத்தை வாங்கினான். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். ஒயரைக் கழற்றியதும் ஹாரன் நின்றது. மாட்டினான், உட்கார்ந்தான், திருப்பினான். இருமல்தான்.

"சரி, கடைசியா ஒண்ணு. எல்லாக் கதவையும் சாத்திட்டு, சாவியை ஆன்ல வச்சுட்டு, பத்து நிமிஷம் எதையும் தொடாம உட்காருங்க. சிவப்பு விளக்கு அணைஞ்சா ரீசெட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"பத்து நிமிஷமா!" என்றாள் அவள்.

"வேற வழியில்லம்மா. ஆமா, பெரியவர் தனியா சுவிட்ச் ஏதாவது மறைச்சு வச்சிருக்காரா? அப்படின்னா இந்த ரீசெட் எல்லாம் வேலைக்கு ஆகாது. ஆனா இடம் மட்டும் தெரிஞ்சா ஒரு நொடி வேலை."

ஒரு நொடி வேலை. காருக்குள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. மாமனார் காதிலும் விழுந்தது.

அவருடைய இடது கை மெல்ல எழுந்தது. நடுங்கி நடுங்கி, முன் சீட்டுகளுக்கு நடுவில் வந்தது. விரல் கீழே, கைபிரேக்குக்குப் பக்கத்தில், தரைவிரிப்பைக் காட்டியது. யாருக்கும் காட்டக்கூடாது என்று ஒரு வீட்டையே முகம் திருப்பவைத்த மனிதர், கடைசியில் அவராகவே காட்டினார். அதுவும் யாரிடம்? இவனிடம். இதற்காகத்தானே காத்திருந்தான், இப்போதாவது அழுத்தியிருக்கலாம். அழுத்தியிருந்தால் அவன் மானமும் போயிருக்காது, பெரியவரே காட்டினார் என்று ஊரே சொல்லியிருக்கும்.

மாப்பிள்ளை திரும்பி, அந்த விரலைப் பார்த்தான். அப்புறம் அந்தக் கண்ணைப் பார்த்தான்.

"என்ன மாமா, தண்ணி வேணுமா?"

"அப்பா எதையோ காட்டுறாருங்க!"

"வலி தாங்காம கையை ஆட்டுறாரு. கையைப் பிடிச்சுக்கோ, அடிபட்டுடப் போகுது."

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமனார் திமிறினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சாவியை ஆனில் வைத்து, மாப்பிள்ளை கைகள் இரண்டையும் ஸ்டியரிங் மேல் வைத்து உட்கார்ந்தான். மெக்கானிக் சொன்னபடி எதையும் தொடவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பின்னால் அவள் ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவன் கண்ணாடியில் அவரையே பார்த்தான். அவரும் இவனையே பார்த்தார். இப்போது யாரும் யாரையும் திரும்பிக்கொள்ளச் சொல்லவில்லை.

வேலைக்குப் போயிருந்த எதிர்வீட்டுப் பெயின்டர் எதையோ மறந்துவிட்டு வேனில் திரும்பி வந்தார். அவர்தான் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் பெரியவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

உயிர் தங்கியது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர்.

"கார் ஸ்டார்ட் ஆகல டாக்டர்," என்று அவள் விம்மினாள். "இவர் பாவம், என்னென்னவோ பண்ணிப் பார்த்தார்."

இவன் தலையைக் குனிந்துகொண்டான். பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம், பெற்ற பிள்ளை தோற்றான் போ என்று இவன் முதுகைத் தட்டினார்கள். அவனும் கஞ்சி ஊட்டினான், வாய் துடைத்தான், துணி மாற்றினான். எதிலும் குறை சொல்ல முடியாது. அவள் மருந்து வாங்கப் போயிருக்கும்போது மட்டும் கட்டிலருகே குனிவான். "மாமா, அந்த சுவிட்ச் எங்க இருக்கு? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்," என்பான். கிழவர் முகம் சிவக்கும். இடது கை எழும். "சரி சரி, மெதுவா யோசிச்சு சொல்லுங்க," என்று போர்வையை இழுத்துவிடுவான். பாவி!

வீட்டுக்கு வந்தபின் பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவில் விடுவார்கள். எதிரே கார் நிற்கும், தூசி படிந்துபோய். அவர் இடது கை சதா எழுந்து காரைக் காட்டும், அப்புறம் மாப்பிள்ளையைக் காட்டும். மறுபடி கார், மறுபடி மாப்பிள்ளை.

"காரில் போகணும்னு ஆசைப்படறாரு பாவம். மெக்கானிக்கை வரச்சொல்லி அந்த சுவிட்சைத் தேடச் சொல்லுங்களேன்," என்பாள் அவள்.

"அவருக்குப் பேச்சு வரட்டும். அவரே சொல்லுவாரு," என்பான் இவன்.

சாவிக்கொத்து அவளிடம் வந்திருந்தது. சர்க்கரை டப்பாவின் பூட்டை அவள் கழற்றிக் குப்பையில் போட்டாள். ஃபிரிட்ஜ் பூட்டும் போயிற்று. வீடு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிட ஆரம்பித்தது. சாப்பிடும்போது அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனுக்கு மனைவி கிடைத்தது இப்போதுதான். அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். அதில் பொய் இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப் பார்த்தால் அவள்தான். ஈரத்தில் வழுக்கி, நெற்றி குழாயில் மோதிப் பிளந்திருந்தது. தரையெல்லாம் ரத்தம். இவனுக்கு உயிர் போய்விட்டது. ஒரு துண்டை அவள் நெற்றியில் அழுத்தி, அவளை அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். வராந்தாவில் மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் அவரைக் கவனிக்கவில்லை. ஆணியில் தொங்கிய கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அவளை முன் சீட்டில் உட்காரவைத்தான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, இதோ போயிடலாம்," என்று உளறிக்கொண்டே டிரைவர் சீட்டில் விழுந்தான்.

இடது கை கீழே போயிற்று. வலது கை திருப்பியது. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

கியரைப் போடக் கையை எடுத்தபோதுதான் அவள் பார்ப்பதைப் பார்த்தான். துண்டுக்குக் கீழே ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைபிரேக் பக்கத்தில் மடங்கிக் கிடந்த தரைவிரிப்பைப் பார்த்தது.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. ரத்தம் போகுது."

"அன்னைக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாம். நேற்றுத்தான் கண்டுபிடித்தேன் என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தான். அதற்குள் கை தானாகப் போய் மடங்கிய தரைவிரிப்பை நீவிவிட்டது. அவள் திரும்பி வராந்தாவைப் பார்த்தாள். அங்கே சக்கர நாற்காலியில் அந்த இடது கை எழுந்து நின்றது. காரைக் காட்டியது. அப்புறம் இவனைக் காட்டியது.

"அப்பா இத்தனை நாளா இதைத்தான் காட்டினாரா?" என்றாள். "நான்தானே அன்னைக்கு அவர் கையைப் பிடிச்சு வச்சேன். பிடிச்சுக்கோன்னு சொன்னீங்களே, நான்தானே பிடிச்சேன்!"

அவள் கை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவிக்கொண்டாள். "வேண்டாம்மா, தையல் போடணும், அப்புறம் என்னை என்ன வேணா பண்ணு," என்று அவன் கெஞ்சினான். அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். துண்டிலிருந்து ரத்தம் சொட்ட, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தா ஏறினாள். அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, கார் சாவியை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். எழுந்து எதிர்வீட்டுக்கு நடந்தாள். "அண்ணே, கொஞ்சம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று பெயின்டரைக் கேட்டது டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்த இவன் காதில் விழுந்தது. வேன் கிளம்பிப் போயிற்று. அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பூட்டுக்காரர் உள்ளங்கையைத் திறந்து சாவியைப் பார்த்தார். கட்டைவிரல் மெதுவாக ரிமோட்டைத் தேடி அழுத்தியது. நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் டக்கென்று பூட்டிக்கொண்டன. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

அவன் பித்துப் பிடித்தவன்போல உள்ளிருந்து கதவைத் திறந்துகொண்டு வேன் போன பக்கம் ஓட இறங்கினான். ஹாரன் ஊளையிட்டது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஜன்னலில், மாடியில், வாசலில் தலைகள் தெரிந்தன. எவனோ காரைத் திருடுகிறான் என்று எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். சட்டையெல்லாம் மனைவியின் ரத்தத்தோடு அவன் நடுத்தெருவில் நின்றான். அதை நிறுத்த அந்தச் சாவி வேண்டும். வராந்தாவில் மாமனார் இடது கையை மூடி வைத்துக்கொண்டு, கோணிய வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.